'பக்கவாதமாக இருக்கலாம்' என்ற நிலைக்குப் பின் வரும் வலிப்பு: நோயாளிக்கும் வீட்டாருக்குமான முழுமையான வழிகாட்டி

வயதானவர்களுக்குப் புதிதாக வலிப்பு நோய் தொடங்கினால், காரணம் தெரியவரும் நேர்வுகளில் பக்கவாதமே முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் எல்லோருக்கும் காரணம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிடுவதில்லை. ஒரு நாள் காலையில் வலது கை மரத்துப் பேச்சு குழறியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி சரியாகியிருக்கும், சி.டி. ஸ்கேனில் எதுவும் தென்பட்டிருக்காது. சில மாதங்கள் கழித்து அதே கை வெட்டி வெட்டி இழுத்திருக்கும். இப்படிப்பட்டவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பக்கவாதமாக இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது, அடுத்த முறை எதற்காக ஓடுவது என்று வீட்டில் குழப்பம் தொடங்கிவிடும். என் கருத்தில், முதலில் நடந்தது பக்கவாதம்தானா என்ற கேள்வி தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரத்தக்குழாயைக் காக்கும் சிகிச்சையும் வலிப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நடுவே சேகரிக்கும் குறிப்புகள் அந்தக் கேள்விக்கு மெல்ல மெல்ல விடை தரும்.

முதல் படி: ஐயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பக்கவாதம் என்பது மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அடைபடுவது அல்லது மூளைக்குள் ரத்தம் கசிவது. அப்போது ஒரு செயல் திடீரென்று இல்லாமல் போகிறது: கை தூக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, சொல் வரவில்லை. வலிப்பு என்பது நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளிவிடுவது. அப்போது வேண்டாத ஒன்று கூடுதலாக நடக்கிறது: விரல் துடிக்கிறது, கன்னம் இழுக்கிறது, தோலில் ஊறல் பரவுகிறது. புத்தகத்தில் இந்த வேறுபாடு எளிதாகத் தெரிந்தாலும் நடைமுறையில் இரண்டும் ஒன்றின் வேடத்தை மற்றொன்று போட்டுக்கொள்ளும்.

வலிப்பு ஓய்ந்த பிறகு, துடித்த பக்கத்துக் கைகால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை, சில சமயம் ஒன்றரை நாள் அளவுக்குக்கூட, தளர்ந்து கிடக்கலாம். 1849-இல் இதை விவரித்த ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவரின் பெயரால் இதற்கு டாட் வாதம் என்று பெயர். வலிப்பு யார் கண்ணிலும் படாமல் தூக்கத்தில் வந்து போயிருந்தால், விடிந்ததும் தெரிவது தளர்ந்த கை மட்டுமே. அதைப் பக்கவாதம் என்று நினைப்பது இயல்பு. இதற்கு நேர்மாறாக, கழுத்து ரத்தக்குழாய் கடுமையாகச் சுருங்கியிருப்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது மூளைக்கு ரத்தம் குறைந்து கை உதறுவது உண்டு. அது வலிப்பைப் போலத் தெரிந்தாலும் பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை. நம் ஊர்களில் இன்னும் இரண்டு காரணங்களையும் மருத்துவர் மனதில் வைத்திருப்பார்: நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் உண்டாகும் நீர்க்கட்டி, காசநோய்க் கட்டி. பிரசவம் முடிந்த சில வாரங்களில் ஒரு பெண்ணுக்குக் கடும் தலைவலியோடு வலிப்பு வந்தால், மூளையின் சிரைக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவை உடனே காட்டிவிடும். அடைப்பால் வரும் பக்கவாதத்தை முதல் சில மணி நேரங்களில் தவறவிடலாம். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற பகுதி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும் என்றாலும், மிகச் சிறிய பாதிப்பு அதிலும் தப்பலாம். வலிப்பு நீண்டிருந்தால் அதுவே அந்தப் படத்தில் தற்காலிக மாற்றத்தைக் காட்டிக் குழப்பவும் செய்யலாம். மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கும் அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் ரிப்போர்ட் இயல்பாகவே வரும். அதனால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

காலக்கணக்கும் முக்கியம். பக்கவாதம் வந்த ஏழு நாட்களுக்குள் வரும் வலிப்பை, அந்தத் தாக்குதலின் உடனடி விளைவாகவே மருத்துவம் பார்க்கிறது. அவர்கள் எல்லோருக்கும் நீண்டகால மாத்திரை தேவைப்படுவதில்லை. ஏழு நாட்களுக்குப் பிறகு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வருவது, மூளையில் ஆறிய வடு தானே தூண்டும் வலிப்பு. பக்கவாதத்துக்குப் பின் இவ்வாறு தாமதமாக ஒரே ஒரு முறை வந்தாலும், அடுத்த பத்து ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல் என்பதால், 2014-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறைப்படி அதை வலிப்பு நோய் என்றே கொள்ளலாம். 'ஒரு தடவைதானே வந்தது, ஏன் தினமும் மாத்திரை' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பக்கவாதம் என்பதே உறுதியில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே, 'ஸ்கேனில் பழைய வடு தெரிகிறதா?' என்பதே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாம் படி: ஒரு நோட்டுப் புத்தகமும் கைபேசி வீடியோவும்

மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுப்பதைவிட, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரமே பல நேரங்களில் நோயறிதலைத் தீர்மானிக்கிறது. நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. எனவே இந்தப் பொறுப்பு கூட இருப்பவருடையது. 'ஃபிட்ஸ் வந்துச்சு, ரெண்டு நிமிஷம் இழுத்துச்சு' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. கீழே உள்ளது போல எழுதுங்கள்:

"செவ்வாய், இரவு 9.40. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கட்டை விரல் துடித்தது. பிறகு மணிக்கட்டு, முழங்கை, வாயின் வலது ஓரம். கூப்பிட்டதற்குத் தலையாட்டினார், பேச வரவில்லை. கீழே விழவில்லை. 9.42-க்கு நின்றது. 10.15 வரை வலது கையைத் தூக்க முடியவில்லை. 10.30-க்குப் பேச்சு சரியானது. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. காலை மாத்திரை போட்டார், இரவு மாத்திரை இன்னும் போடவில்லை."

இந்தச் சில வரிகளிலிருந்து, வலிப்பு மூளையின் இடது பக்கத்தில், கையை இயக்கும் பகுதியில் தொடங்குகிறது என்பதையும், பேச்சுப் பகுதி வரை எட்டுகிறது என்பதையும், அதன்பின் வருவது டாட் வாதமாக இருக்கக்கூடும் என்பதையும் ஒரு நரம்பியல் மருத்துவர் ஊகித்துவிடுவார். வீடியோ எடுப்பதை மரியாதைக் குறைவாகக் கருத வேண்டாம். நோயாளி நன்றாக இருக்கும்போதே அவரிடம் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர், படம் பிடிக்க இன்னொருவர் என்று இருந்தால் நல்லது. தனியாக இருந்தால் பாதுகாப்புதான் முதலில்.

நோட்டின் முதல் பக்கத்தில் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ஃபிலிமையும் குறுந்தகட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் பார்க்கும்போது, ரிப்போர்ட்டைவிட அந்தப் படமே அவருக்கு உதவும்.

மூன்றாம் படி: வலிப்பு வரும்போது

கைக்கடிகாரத்தையோ கைபேசியையோ பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள கூர்மையான, சூடான பொருட்களை அகற்றி, தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். உதறல் அடங்கியதும், முடிந்தால் அதற்கு முன்பே, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிய வேண்டும். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்குவதால்தான் சாவி வேலை செய்தது போலத் தோன்றுகிறது. வாயில் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கலாம் என்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

வலிப்பு ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு தொடங்கினாலோ தமிழ்நாட்டில் 108-ஐயும், இலங்கையில் 1990-ஐயும் அழையுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலும் தாமதிக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் ஸ்கேன் எடுத்துத்தான் ஆக வேண்டும். நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே பலருக்கும் எழுதித் தரப்படுகிறது. எத்தனை நிமிடத்தில், எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு அந்த டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்; பதற்றத்தில் யாருக்கும் எதுவும் நினைவு வராது.

இனி, எல்லோரும் தடுமாறும் இடம். வலிப்புக்குப் பின் கை தளர்ந்திருக்கிறது; இது டாட் வாதமா, புதிய பக்கவாதமா? வீட்டிலிருந்தபடி இதற்கு விடை சொல்ல முடியாது. சொல்லிவிடலாம் என்று நம்புவதுதான் ஆபத்து, ஏனென்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். தளர்ச்சி முன்பு எப்போதும் வராத இடத்தில் வந்திருந்தாலும், வலிப்பே இல்லாமல் வந்திருந்தாலும், முந்தைய தடவைகளைவிட நீண்டுகொண்டே போனாலும், அதைப் பக்கவாதமாகவே எண்ணி, சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சை வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். 'கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு' என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி. நோட்டில் பலமுறை பதிவான அதே வரிசையில் வந்து, அதே நேரத்துக்குள் குறைந்துவருகிறது என்றால் வீட்டிலேயே காத்திருக்கலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மாத்திரைகள்

வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சரியான மருந்தால் வலிப்பின்றி வாழ முடியும் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. பக்கவாதம் வந்தவர்களுக்கு, அல்லது வந்திருக்கலாம் என்பவர்களுக்கு, மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கணக்கு ஒன்று உண்டு. ஃபெனிடாய்ன், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டோன் ஆகிய பழைய மருந்துகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அதனால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள் பலவற்றின் பலனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்றவற்றின் பலனும் குறையலாம். நீண்டகாலத்தில் எலும்பும் தேயும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் அளவு இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். இந்தக் காரணத்தால் இப்போது பலருக்கும் லெவெட்டிராசெட்டம் அல்லது லாமோட்ரிஜின் முதலில் எழுதப்படுகிறது.

இவற்றுக்கும் சங்கடங்கள் உண்டு. லெவெட்டிராசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக ஆக்கும், சிலரை மனச்சோர்வில் தள்ளும். சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கார்பமசெபின் தொடங்கும்போதும் இந்தத் தடிப்பைக் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும், சோடியம் குறைந்தால் அதுவே வலிப்பைத் தூண்டும். இதயத்துடிப்பில் தடை உள்ளவர்களுக்கு லகோசமைட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கும்முன் ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு, வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால், மாற்று மருந்து பற்றி முதல் நாளே பேச வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பது ஒன்று, தனியார் மருத்துவர் எழுதியது வேறொன்று என்ற நிலை அடிக்கடி வரும். இரண்டும் ஃபிட்ஸ் மாத்திரைதானே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுக்கொள்ளாதீர்கள். வாங்கும் இடம் மாறுகிறது என்றால், கையிலிருக்கும் அட்டையோடு புதிய மருத்துவரைப் பார்த்து முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் மருந்துக்கடை மூடியிருந்தது என்பது, கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்பி வருவதற்கான மிகச் சாதாரணமான காரணம். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். எவ்வளவு நேரம் வரை தாமதமாகப் போடலாம் என்று உங்கள் மருந்துக்கு ஏற்றபடி கேட்டுக்கொள்ளுங்கள். ஏகாதசிக்கோ ரம்ஜானுக்கோ நோன்பிருக்க விரும்பினால் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்பதைச் சில வாரங்களுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வரச் சொன்னால், வலிப்பு மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாமா என்று மயக்க மருந்து மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் போடத்தான் சொல்வார்கள்.

வேறு நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் வலிப்பைக் கிளறலாம். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இந்த வகை. வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு வெகுவாகச் சரிந்துவிடும். நம் வீடுகளில் சளிக்கும் தலைவலிக்கும் தாராளமாகப் பயன்படும் கற்பூரமும் நீலகிரித் தைலமும்கூட வலிப்பைத் தூண்டியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வலிப்பு உள்ள வீட்டில் ஆவி பிடிக்க வெறும் வெந்நீர் போதும்.

ஐந்தாம் படி: ரத்தக்குழாயின் பக்கம்

வலிப்பு வந்ததும் கவனம் முழுவதும் அதன் மேல் போய்விடுகிறது. ஆஸ்பிரினும் பிரஷர் மாத்திரையும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. 'அது ஸ்ட்ரோக்கே இல்லை, ஃபிட்ஸ்தான்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடுபவர்களும் உண்டு. காரணம் தெரியாமல் முதிய வயதில் முதன்முறையாக வலிப்பு வருவதே, பின்னாளில் பக்கவாதம் வரும் ஆபத்து கூடியிருப்பதன் அடையாளம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே விடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ரத்தக்குழாயைக் கவனிப்பது வீண்போகாது. மூளைக்குள் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு ஆஸ்பிரினே வேண்டாம் என்று முடிவாகலாம் என்பதால், அந்த முடிவை மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். கழுத்து ரத்தக்குழாய்களைப் பார்க்கும் டாப்ளர், இதயத்தின் எக்கோ, ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் ஆகியவை நடந்தனவா என்று பழைய தாள்களில் தேடுங்கள். 'இருக்கலாம்' என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று விடுபட்டிருப்பது சகஜம். சர்க்கரை, கொழுப்பு, புகை ஆகியவை பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் மிகவும் ஏறினாலும் வலிப்பு வரும் என்பதை மட்டும் இன்சுலின் போடுபவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

ஆறாம் படி: வீடு, தூக்கம், வெளியே போவது

குளியலறையில் உள்தாழ்ப்பாள் வேண்டாம். 'ஆள் உள்ளே' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் போதும். நின்று குளிப்பதைவிட பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் குளிப்பது பாதுகாப்பானது. கிணறு, குளம், ஆறு ஆகியவற்றில் தனியாக இறங்கக் கூடாது. சமைப்பவர் என்றால் சுவரை ஒட்டிய பர்னரைப் பயன்படுத்துவதும், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்காமல் கரண்டியால் எடுத்து ஊற்றுவதும் உதவும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அங்கே படுக்க வேண்டாம். கட்டில் உயரமாக இருந்தால் தரையில் மெத்தை போடலாம், ஆனால் ஒரு பக்கம் தளர்ந்தவருக்குத் தரையிலிருந்து எழுவது கடினம். அவருக்குத் தாழ்ந்த கட்டில்தான் சரி. இரவில் வலிப்பு வருபவர் தனி அறையில் படுக்காமல் இருப்பது நல்லது.

தூக்கம் கெடுவது வலிப்புக்கு மிக வலுவான தூண்டுதல். இரவு முழுக்கக் கண்விழிக்கும் திருமண வீடு, திருவிழா, ராத்திரிப் பேருந்துப் பயணம் ஆகியவற்றில் எதைத் தவிர்ப்பது என்று குடும்பமே சேர்ந்து முடிவு செய்யுங்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவருக்குத் தூக்கப் பரிசோதனை செய்வது வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஒருசேரப் பயன்தரும். மது எந்த அளவிலும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும் என்பதால், நிறுத்துவதை மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும்.

வண்டி ஓட்டுவதில் சமாதானம் கிடையாது. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல், வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்று நேரடியாகவே கேட்கப்படுகிறது. மறைத்து எழுதுவது பொய் உறுதிமொழி. பிரிட்டனில் உள்ளவர்கள் உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுவாக ஓராண்டு வலிப்பில்லாமல் இருந்த பிறகே கார் ஓட்ட அனுமதி கிடைக்கும். பக்கத்துக் கடைக்குத்தானே என்று டூவீலரை எடுப்பவர், எதிரே வரும் பள்ளிப் பிள்ளைகளின் உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார்.

ஏழாம் படி: மனமும் குடும்பமும்

பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். வலிப்பும் சேர்ந்தால் அது இன்னும் ஆழமாகும். 'அப்பா இப்போதெல்லாம் எரிந்து எரிந்து விழுகிறார்' என்று பிள்ளைகள் சொல்லும்போது, அது பிடிவாதமாக இருக்கலாம், மூளையின் பாதிப்பாக இருக்கலாம், மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம். மாத்திரை தொடங்கிய தேதியையும் குணம் மாறிய தேதியையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு எழுந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் வீட்டார் அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவதும் நடக்கிறது. பிசியோதெரபியை நிறுத்தினால் தளர்ந்த கால் இறுகிப்போகும், அதனாலேயே அடுத்த முறை விழுவார்.

இந்த நோய் இளம் வயதிலும் வரும் என்பதால் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறியிருந்த சொற்கள் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பெண் பார்க்கும் இடத்தில் மறைத்துவைத்து, மாத்திரையை ஒளித்துப் போட்டு, வேளை தவறிப்போவதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லா வகையிலும் மேல்.

எட்டாம் படி: ஐயத்தை மறுபடி திறந்து பார்ப்பது

ஆண்டுக்கு ஒரு முறையாவது, நோட்டையும் வீடியோக்களையும் பழைய எம்.ஆர்.ஐ.யையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போய், முதலில் போட்ட நோயறிதல் இன்னும் நிற்கிறதா என்று கேளுங்கள். வலிப்பு எப்போதும் ஒரே இடத்தில் தொடங்குகிறது, பழைய வடுவும் அதே இடத்தில் இருக்கிறது என்றால் 'இருக்கலாம்' என்பது உறுதியாகும். வலிப்பு ஒரு பக்கம், வடு இன்னொரு பக்கம் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் எடுத்த பிறகும் வலிப்பு நிற்கவில்லை என்றால், பல நாள் வீடியோ இ.இ.ஜி. வசதியுள்ள வலிப்பு நோய் மையத்துக்கு அனுப்பும்படி கேட்பது உங்கள் உரிமை. வலிப்பே இல்லாமல் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கடந்துவிட்டால், மாத்திரையைக் குறைக்கலாமா என்ற பேச்சு எழும். ஸ்கேனில் வடு தெளிவாகத் தெரிபவர்களுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் தொடரவே சொல்வார்கள். வடு இல்லாமல், ஐயம் மட்டுமே இருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துப் பார்க்க இடமுண்டு. குறைக்கும் அந்த மாதங்களில் வண்டியைத் தொடாமல், ஏணி ஏறாமல், தனியாகக் குளத்தில் இறங்காமல் இருக்க வேண்டும். நோட்டில் தேதி போட்டு எழுதுவதையும் நிறுத்தக் கூடாது.